ஊசியா, ஜெல்லா, மாத்திரையா, அல்லது எதுவுமே வேண்டாமா? டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் எது யாருக்கு

நாற்பதைத் தாண்டியவருக்கு உடல் சோர்கிறது, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைகிறது, காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோகிறது. ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் டெசிலிட்டருக்கு 280 நானோகிராம் என்று வருகிறது. உடனே எழும் கேள்வி, ஊசி நல்லதா ஜெல் நல்லதா என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. இந்தக் குறைபாடு உண்மைதானா, உண்மையென்றால் எதனால் வந்தது? இனிமேல் குழந்தை வேண்டுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே அடைபட்டுவிடும். மீதமுள்ளவற்றில் எதைத் தேர்வது என்பதை உங்கள் ரத்த அடர்த்தியும், வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதும், ஒரு காரியத்தைத் தினமும் தவறாமல் செய்யும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்பதும்தான் முடிவுசெய்யும்.

எண்ணை நம்புவதற்கு முன்

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். அதனால் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால், அதுவும் இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால், உண்மையான அளவைவிடக் கால்பங்கு வரை குறைத்துக் காட்டக்கூடும். காய்ச்சலிலோ, அறுவை சிகிச்சை முடிந்த கையோடோ எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டி, இருக்கிற குறைபாட்டை மறைத்துவிடும்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஆயுள்கால சிகிச்சையைத் தொடங்கக்கூடாது. இரண்டு வெவ்வேறு நாட்களில், இரண்டு முறையும் குறைவாக வந்தால்தான் குறைபாடு. எங்கே கோடு போடுவது என்பதில் மருத்துவ அமைப்புகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்கிறது. எண்டோக்ரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டி 264 என்கிறது. ஐரோப்பிய வழக்கில் சுமார் 230-க்குக் கீழே தெளிவான குறைபாடு, 350-க்கு மேலே பெரும்பாலும் குறைபாடில்லை, இடைப்பட்டது சந்தேக மண்டலம்.

அந்தச் சந்தேக மண்டலத்தில்தான் நடுத்தர வயதினர் பெரும்பாலோர் வந்து நிற்கிறார்கள். இவர்களுக்கு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தையும் அளந்து, அதில் சிக்காத கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிட வேண்டும். தொப்பையும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இந்தப் புரதத்தைக் குறைக்கும். அப்போது மொத்த அளவு 270 என்று பயமுறுத்தினாலும், உடல் பயன்படுத்தும் பகுதி சரியாகவே இருக்கலாம். இப்படிப்பட்டவருக்கு ஊசி போட்டு எந்த நன்மையும் இல்லை.

அடுத்தது எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும்; மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞை ஹார்மோன்கள் இவை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் பழுது விரைகளில். இரண்டுமே குறைவாக இருந்தால் பழுது மேலே, பிட்யூட்டரியிலோ அதை அடக்கி வைத்திருக்கும் வேறொன்றிலோ: உடல் பருமன், ஓபியாய்டு வலி மருந்து, நீண்டகால ஸ்டீராய்டு, புரோலாக்டின் சுரக்கும் கட்டி, உடலில் தேங்கும் இரும்பு. ஆகவே புரோலாக்டினும், இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். எல்.எச். ஏறாமல் டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே கிடந்தால் பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதும் அவசியம். இதையெல்லாம் முதல் ஊசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மருந்து உள்ளே போன சில வாரங்களில் எல்.எச். அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அதன்பிறகு மூலகாரணத்தைத் தேட நினைத்தால் மாதக்கணக்கில் மருந்தை நிறுத்தி, சோர்வோடு காத்திருக்க நேரும்.

மருந்தில்லாமல் ஏற்றுவது

பருமன் உள்ளவருக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 60 முதல் 80 நானோகிராம் வரை ஏறுகிறது. 260-ல் இருப்பவரை அது எல்லைக்கோட்டுக்கு மேலே கொண்டுவந்துவிடும். விந்தணுவையும் கெடுக்காது, ரத்தத்தையும் கெட்டியாக்காது. ஆனால் 120-ல் இருப்பவருக்கு எடைக்குறைப்பு மட்டும் போதாது. அவரை "முதலில் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று ஓராண்டு காக்க வைப்பதும் தவறுதான்.

எடைக்குறைப்போடு மருந்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்த டி4டிஎம் ஆய்வு பார்த்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, 50 முதல் 74 வயதுவரையான சுமார் ஆயிரம் ஆண்கள் அதில் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் வாழ்க்கைமுறைப் பயிற்சி. பாதிப்பேருக்குக் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேரும், போடாதவர்களில் 21 சதவீதம் பேரும் சர்க்கரை நோய் வரம்பில் இருந்தார்கள். நல்ல பலன்தான். ஆனாலும் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குமேல் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தொட்டது. சர்க்கரை வராமல் தடுப்பதற்காக மட்டும் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல அந்த ஒரு ஆய்வு போதாது.

குழந்தை வேண்டும் என்றால்

இங்கே தயக்கத்துக்கு இடமே இல்லை: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கக்கூடாது. தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்பதுபோல, ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்ததும் பிட்யூட்டரி தன் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. விரைகளுக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். விந்தணு உருவாக அந்த உள்ளளவுதான் வேண்டும். சமிக்ஞை நின்றதும் அது சரிந்து, சில மாதங்களில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம். வாரம் 200 மி.கி. ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது, அது வேலையும் செய்தது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதத்தில் விந்தணு திரும்பும். சிலருக்கு இரண்டு ஆண்டு ஆகும். 42 வயதில், மனைவியின் வயதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த இரண்டு ஆண்டு மிகப் பெரியது.

பழுது மேலே இருந்து விரைகள் நன்றாக இருந்தால் இரண்டு மாற்று வழிகள் உண்டு. குளோமிஃபீன் மாத்திரை, தினம் 25 மி.கி. அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மி.கி. என்று தரப்படுகிறது. இது பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பி எல்.எச். சுரக்க வைக்கும். ஆண்களுக்கு இது அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு அன்று. மருத்துவர்கள் அனுபவத்தின்பேரில் எழுதுவது. எண் நன்றாக ஏறும், ஆனால் தாம்பத்திய நாட்டம் எல்லோருக்கும் அதே அளவில் ஏறுவதில்லை. கண்முன் ஒளிக்கீற்றுகளோ மங்கலோ தெரிந்தால் மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டும். இரண்டாவது எச்.சி.ஜி. ஊசி, 1,500 முதல் 2,000 யூனிட் வரை, வாரம் இரண்டு மூன்று முறை. இது எல்.எச். செய்யும் வேலையை நேரடியாகச் செய்யும். எல்.எச். ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு இரண்டுமே வீண். களைத்துப்போன விரையை மேலும் விரட்டுவதில் பயனில்லை.

டெஸ்டோஸ்டிரோனையும் போட்டுக்கொண்டு, கூடவே ஒருநாள் விட்டு ஒருநாள் 500 யூனிட் எச்.சி.ஜி. போட்டால் விந்தணு தங்கும் என்ற முறையும் நடைமுறையில் இருக்கிறது. பலருக்குத் தங்குகிறது, ஆனால் உத்தரவாதம் கிடையாது. தொடங்குவதற்கு முன் விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைப்பது இதைவிட நம்பகமானது.

ஊசி: எந்த ஊசி என்பதே முக்கியம்

"ஊசி" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

முதலாவது எனந்தேட், சிப்பியோனேட். இவை எண்ணெயில் கரைந்த, நடுத்தர ஆயுள் கொண்ட மருந்துகள். பல இடங்களில் இன்னும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. என்று எழுதுகிறார்கள். ஊசி வழிகளிலேயே மோசமான ஏற்பாடு இதுதான். போட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் அளவு ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். முகத்தில் பரு, எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் அப்போது வரும். பத்தாம் நாளுக்குப் பிறகு சரியத் தொடங்கி, பதினான்காம் நாள் சிகிச்சைக்கு முன்பிருந்த இடத்துக்கே வந்துவிடும். அந்தக் கடைசி நாட்களின் தளர்ச்சியைப் பார்த்து "டோஸ் போதவில்லை" என்று கூட்டினால் உச்சம்தான் இன்னும் உயரும், பள்ளம் மாறாது. அதே மருந்தை வாரம் 75 முதல் 100 மி.கி. என்று பிரித்தால் ஏற்ற இறக்கம் பாதிக்குமேல் அடங்கிவிடும். இரண்டு வார ஊசியில் அவதிப்படுபவர் ஜெல்லுக்கு ஓடுவதற்கு முன், அதே மருந்தை இப்படிப் பிரித்துப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வாரம் ஒருமுறை என்றால் வீட்டிலேயே போடக் கற்றுக்கொள்வது வசதி. மருந்து கெட்டியான எண்ணெய் என்பதால், 18 அல்லது 21 கேஜ் தடித்த ஊசியால் உறிஞ்சி, பிறகு ஊசியை மாற்றி மெல்லிய 25 கேஜ், ஒரு அங்குல ஊசியால் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் தசைக்குள் போடலாம். குளிரில் குப்பிக்குள் படிகம் தட்டினால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி உருட்டினால் கரைந்துவிடும்; குளிர்பதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. சின்ன அளவுகளை 27 கேஜ், அரை அங்குல ஊசியால் வயிற்றுத் தோலடிக் கொழுப்பிலும் போடுகிறார்கள். அரை மில்லிக்குமேல் ஒரே இடத்தில் போட்டால் கட்டி தட்டும். வாராவாரம் இடம் மாற்ற வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு செறிவைப் பார்க்காமல் உறிஞ்சுவது. சில குப்பிகளில் மில்லிக்கு 200 மி.கி., சிலவற்றில் 250 மி.கி. வழக்கம்போல அரை மில்லி எடுத்தால் முதலாவதில் 100, இரண்டாவதில் 125. மூன்று மாதம் கழித்து ஹீமட்டோக்ரிட் ஏன் ஏறியது என்று குழம்புவதற்கு இந்தக் கால்பங்கு போதும். ஒருமுறை உபயோகத்துக்கான ஆம்பூலை உடைத்துப் பாதியை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வதும் கூடாது. அதில் கிருமித்தடுப்பான் இருக்காது, சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடும்.

எண்ணெயையும் பார்க்க வேண்டும். சிப்பியோனேட் பருத்திவிதை எண்ணெயிலும், எனந்தேட் பெரும்பாலும் எள் எண்ணெயிலும் வருகின்றன. இரண்டாவது ரகமான சஸ்டனான், டெஸ்டோஸ்டிரோனின் நான்கு எஸ்டர் வடிவங்கள் கலந்தது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவது; அது நிலக்கடலை எண்ணெயில் வருகிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர் அதைத் தொடக்கூடாது.

மூன்றாவது ஊசி டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட், நெபிடோ என்ற பெயரில் பலரும் அறிந்தது. 1,000 மி.கி., 4 மில்லி ஆமணக்கெண்ணெயில். முதல் ஊசிக்குப் பின் ஆறாவது வாரம் இரண்டாவது, அதன்பின் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அளவு சீராக நிற்கும், ஆண்டுக்கு நான்கைந்து ஊசிதான். தினமும் வாரமும் நினைவு வைத்துக்கொள்ள முடியாதவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் வீட்டில் போட முடியாது. புட்டத் தசையில் இரண்டு நிமிடமாவது எடுத்து, மெதுவாகச் செலுத்த வேண்டும். எண்ணெய் ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரலை எட்டினால் உடனே இருமலும் மூச்சுத்திணறலும் வரும். அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரலாம். அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைப்பது இதற்காகத்தான். போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஹீமட்டோக்ரிட் ஏறினாலும் புராஸ்டேட்டில் சந்தேகம் வந்தாலும் மருந்து மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அதனால் முதன்முதலாகச் சிகிச்சை தொடங்குபவருக்கு, மூன்று நான்கு மாதம் ஜெல்லிலோ வார ஊசியிலோ உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட்டு இதற்கு மாறுவதே நல்லது.

ஜெல்: வீட்டில் யார் இருக்கிறார்கள்?

தோளில் தடவும் ஜெல் இயற்கையான ஓட்டத்துக்கு நெருக்கமானது. 1 சதவீத ஜெல்லில் தினம் 50 மி.கி. தடவினால் பத்தில் ஒரு பங்குதான் தோல் வழியே உள்ளே போகும். அந்த 5 மி.கி. ஆரோக்கியமான ஆணின் உடல் ஒருநாளில் சுரக்கும் அளவை ஒட்டியது. 1.62 சதவீத பம்பில் ஒரு அழுத்தத்துக்கு 20.25 மி.கி. வரும். வழக்கமாக இரண்டு அழுத்தத்தில் தொடங்கி, அளவு பார்த்து ஒன்று முதல் நான்கு வரை மாற்றுவார்கள். உச்சமும் பள்ளமும் குறைவு, ரத்தம் கெட்டியாவதும் ஊசியைவிடக் குறைவு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திய சில நாட்களில் வெளியேறிவிடும். ஹீமட்டோக்ரிட் தொடக்கத்திலேயே 47, 48 என்று இருப்பவர், தூக்கத்தில் மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர், ஐம்பதைத் தாண்டி முதன்முறை தொடங்குபவர் ஆகியோருக்கு ஜெல்தான் முதல் தேர்வு.

அதைத் தவிர்க்க வேண்டிய வீடு ஒன்று உண்டு: கைக்குழந்தையோ சிறு பிள்ளையோ தோளில் ஏறி விளையாடும் வீடு, கர்ப்பிணி இருக்கும் வீடு. தடவிய தோல் குழந்தையின்மேல் பட்டால் மருந்து அதற்கும் போகும். பிறப்புறுப்பு பெரிதாவது, அந்தரங்க முடி முளைப்பது, எலும்பு வயதுக்கு மீறி முதிர்வது என்று குழந்தைகள் பாதிக்கப்பட்டதால் 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. தடவியதும் சோப்பால் கை கழுவி, காய்ந்தபின் சட்டையால் மூடி, அணைப்பதற்கு முன் அந்த இடத்தைக் கழுவினால் போதும் என்று விதி இருக்கிறது. ஓடிவந்து கட்டிக்கொள்ளும் இரண்டு வயதுப் பிள்ளையிடம் அந்த விதி எத்தனை நாள் செல்லும்? அப்படிப்பட்ட வீட்டில் ஊசியே பாதுகாப்பு.

ஜெல்லில் ஏமாற்றம் வரும் இடம் பரிசோதனை மேசை. தோளிலும் மேற்கையிலும் தடவிக்கொண்டு போய், அதே கையை நீட்டி ரத்தம் கொடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் மருந்து ஊசிமுனையில் கலந்து 2,000 என்றுகூடக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் உண்மையில் போதாத அளவில் இருப்பவர் இன்னும் கீழே போவார். ரத்தம் கொடுக்கும் நாளில் அந்தக் கையின் முழங்கை மடிப்புப் பக்கமே ஜெல் வரக்கூடாது. தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தடவிய உடனே குளிப்பதும் வீண். 1 சதவீதத்துக்கு 5 மணி, 1.62 சதவீதத்துக்கு 2 மணி இடைவெளி தேவை. இவ்வளவு சரியாகச் செய்தும், முழு டோஸிலும் சிலருக்கு அளவு ஏறவே ஏறாது. அது தோலின் இயல்பு. அவர்கள் காலம் கடத்தாமல் ஊசிக்கு மாறலாம்.

மற்றவை

பேட்ச்: இரவில் முதுகிலோ தொடையிலோ ஒட்டுவது. அடுத்தவருக்கு ஒட்டாது, இயற்கையான நாள் தாளத்துக்கு ஒத்துப்போகும். ஆனால் தோல் சிவந்து அரிக்கும் தொல்லையால் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரை: அன்டெகனோயேட் காப்ஸ்யூல்கள் நிணநீர் வழியே உறிஞ்சப்படுவதால் கல்லீரலைக் கெடுப்பதில்லை. கொழுப்புள்ள உணவோடு, தினம் இரண்டு வேளை சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் அது கிட்டத்தட்ட வீண். ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் ஏற்கெனவே அழுத்தம் உள்ளவருக்கு நல்ல தேர்வு இல்லை. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற பழைய மாத்திரை வேறு ரகம். கல்லீரலில் கட்டியையும் ரத்தக் குழிகளையும் உண்டாக்கக்கூடியது, யார் கொடுத்தாலும் வேண்டாம்.

மூக்கில் தடவும் ஜெல்லை ஒவ்வொரு முறையும் 11 மி.கி. என்று தினம் மூன்று வேளை போட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் உடலில் நிற்கும் நேரம் குறைவு என்பதால் பிட்யூட்டரியை முழுதாக அடக்குவதில்லை. பலருக்கு விந்தணு தங்குகிறது. தோலுக்கடியில் வைக்கும் பெல்லட் ஒன்று 75 மி.கி.; பல துகள்களைச் சின்ன அறுவையில் புதைத்தால் மூன்று முதல் ஆறு மாதம் வரும். துகள் வெளியே தள்ளிவிடுவதும் சீழ் பிடிப்பதும் உண்டு. தொடங்குபவருக்கு இது ஏற்றதில்லை.

எதைத் தேர்ந்தாலும் கண்காணிக்க வேண்டியவை

டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். தொடங்கும் முன்பும், 3 முதல் 6 மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் ஹீமட்டோக்ரிட் பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அது இறங்கியபின் குறைந்த டோஸில் அல்லது ஜெல்லில் திரும்பத் தொடங்குவதே முறை. ரத்ததானம் செய்துவிட்டு அதே டோஸைத் தொடர்வது இரும்புச்சத்தைத்தான் வறட்டும். காரணம் அப்படியே இருக்கும். குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர் முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மூச்சுத்தடையே ரத்தத்தைக் கெட்டியாக்கும், அதோடு மருந்தும் சேரக்கூடாது.

புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. முதல் ஆண்டில் 1.4-க்குமேல் ஏறினாலோ, 4-ஐத் தாண்டினாலோ சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர், கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு உள்ளவர், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ரத்தம் உறையும் இயல்பு உள்ளவர் இந்தச் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது.

இதயத்தைப் பற்றிய பயத்துக்கு 2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு ஓரளவு பதில் தந்தது. இதய நோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்பு அதிகமுள்ள, 45 முதல் 80 வயதுவரையான 5,200 ஆண்களில் பெரும் இதய நிகழ்வுகள் மருந்துப் பக்கம் 7.0 சதவீதம், வெற்று மருந்துப் பக்கம் 7.3 சதவீதம். அதாவது மாரடைப்பு கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பும், நுரையீரல் ரத்த உறைவும் மருந்துப் பக்கம் அதிகம். எலும்பு முறிவும் குறையவில்லை, கூடியது. இந்த முடிவுகளை ஊசி போடுபவர்கள் தங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அங்கே கொடுத்தது ஜெல், அதுவும் அளவு பார்த்துப் பார்த்துத் திருத்திய டோஸில். ஆயிரத்தைத் தாண்டும் உச்சங்களுக்கு அந்த நிம்மதி செல்லாது.

டோஸ் சரிதானா என்பதை வார ஊசியில் இரண்டு ஊசிக்கு நடுநாளிலும், நீண்டகால ஊசியில் அடுத்ததைப் போடுவதற்கு முன்பும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 400 முதல் 600 வரை போதும். 900-க்கு ஏற்றினால் மும்மடங்கு உற்சாகம் வராது, ஹீமட்டோக்ரிட்தான் வரும். ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறதே என்று, அதைக் குறைக்கும் அனாஸ்ட்ரோசோல் மாத்திரையைச் சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆணின் எலும்புக்கும் காம உணர்வுக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். மார்பு வலித்து வீங்கினால் முதலில் டோஸைக் குறைத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் பார்ப்பது?

தாம்பத்திய நாட்டம் 3 முதல் 6 வாரத்தில் மாறத் தொடங்கும். விறைப்பு சீராக ஆறு மாதம்வரை ஆகலாம். அதில் பலருக்கு ரத்தக்குழாய்ப் பிரச்சினைதான் அடிப்படை என்பதால் சில்டெனாஃபில் போன்ற மருந்தும் தேவைப்படும். தசை கூடி கொழுப்பு குறைவது 12 முதல் 16 வாரத்தில் தெரியும். வெறும் சோர்வுக்காக மட்டும் தொடங்கியவர் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த, 2016-ல் வெளியான பெரிய ஆய்விலும் தாம்பத்திய வாழ்வு ஓரளவு மேம்பட்டது, உடல் தெம்பில் தெளிவான பலன் தெரியவில்லை.

அளவு ஆறு மாதமாக 500-ல் நின்றும் எந்த அறிகுறியும் மாறவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, மருந்தை நிறுத்திவிடலாம். நிறுத்தும்போது உடலின் சொந்தச் சுரப்பு விழித்தெழச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிட மோசமாக உணர்வது இயல்பு. அதை "மருந்து இல்லாமல் என்னால் முடியாது" என்று எடுத்துக்கொண்டு மறுவாரமே ஊசிக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. மூன்று மாதம் பொறுத்து, மறுபடியும் வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள், எல்.எச். சேர்த்து ரத்தம் கொடுத்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.